புள்ளி ஆறு

மார்ச் 4, திங்கள்

புது வேலை இன்று தொடங்கியது. நகருக்குத் தெற்கே இருக்கும் பேட்டரி ஆலையின் பழைய சாஃப்ட்வேர். இருபது வருடமாக ஓடுகிறது. அதில் மொத்தம் 186 பகுதிகள்: வருகைப் பதிவு, ஷிப்ட், ஸ்டோர்ஸ், கேன்டீன், மருத்துவச் சோதனை என்று. இத்தனை நாள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. இனி ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுத்து, வெளியில் இருக்கும் கணினிகளும் நேரே கூப்பிட்டுக் கேட்கும்படி வெப் சர்வீஸாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் விவரக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. எந்த முகவரியில் கூப்பிடுவது, என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், அது செய்வது என்ன.

எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி மேலாளர் ரவீந்திரன் சார், "மங்களேஸ்வரி, உங்களுக்குப் பழகின இடம்தானே, நீங்களே பாத்துருங்க" என்றார். உண்மைதான். படித்து முடித்ததும் முதலில் இந்த ஆலையில்தான் இரண்டு வருடம் இருந்தேன்.

வேலை விவரம் மறந்துபோகாமல் இருக்க இந்த நோட்டு.

மார்ச் 6, புதன்

பதினொரு பகுதிகள் முடிந்தன. வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தாயிற்று.

மார்ச் 8, வெள்ளி

சாப்பிடும்போது இவர் கேட்டார், அப்படி என்னதான் எழுதுகிறாய் என்று. என் கணவர் ஜெயபாலன் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். வயர், மீட்டர் என்று சொன்னால் புரியும்.

"ஒரு சுவிட்ச் போர்டு மாதிரிங்க. எந்த சுவிட்சைத் தட்டினா எந்த லைட் எரியும்னு பக்கத்துல பேர் எழுதி ஒட்டுறேன்."

"சுவத்துக்குள்ள வயர் எப்படிப் போகுதுன்னும் எழுதுவியா?"

"அது தேவையில்லைங்க. கூப்பிடுறவங்களுக்கு உள்ள நடக்கிறது தெரியவேண்டியதில்ல. அதுதான் இதுல வசதியே."

"எனக்கு அது தெரியாம ஒரு ஸ்க்ரூவைக் கூடத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

ஆலை நிர்வாகத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று இன்றுதான் தெரிந்தது. ஏப்ரலில் இருந்து தொழிற்சாலை ஆய்வு அலுவலகம் ஆலையின் மருத்துவ விவரங்களைத் தன் கணினியிலேயே நேரடியாக எடுத்துக்கொள்ளுமாம். காகிதம் கேட்டு ஆள் வரமாட்டார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

எழுபத்து மூன்றாவது பகுதி. மருத்துவச் சோதனைப் பிரிவுக்குள் இருந்தது. பெயர் 'ரிசல்ட் அட்ஜஸ்ட்'.

பேட்டரி என்றால் ஈயம். ஈயத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, அதில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நாற்பதைத் தாண்டினால் அந்த ஆளை ஈயம் புழங்காத பிரிவுக்கு மாற்றிவிட வேண்டும். ஆலையின் விதி அது. லேபிலிருந்து எண் வரும். மருத்துவ அறைத் திரையில் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இந்தப் பகுதி உட்கார்ந்திருக்கிறது.

மொத்தம் நான்கு வரி. நிரந்தரத் தொழிலாளி என்றால் எண்ணை அப்படியே விடு. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் 0.6 ஆல் பெருக்கி அனுப்பு.

மூன்று முறை படித்தேன். பிறகு கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். இதற்குக் கால்குலேட்டர் தேவையே இல்லை. 65 வந்தால் 39 ஆகிவிடும்.

ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னேன். ஏ.சி. ஓடவில்லை என்றார்கள்.

மேலே எழுதிய தேதி இருக்கிறது: 19 ஜூலை 2007. பக்கத்தில் எழுதியவரின் பெயரெழுத்துகள். அந்த வருடம் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் புரோகிராம் எழுதினோம்.

மார்ச் 13, புதன்

அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. பாப்பாவின் யூனிஃபார்மைத் தையல்காரரிடம் கொடுத்தேன். கேன்டீன் பிரிவின் ஆறு பகுதிகளுக்குக் குறிப்பு எழுதினேன். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மார்ச் 14, வியாழன்

நான் எழுதியது.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம், ஆனால் அந்தப் பெயரெழுத்துகள் வேறு யாருக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை முதல் வரியைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இடைவெளி விடுகிற விதம் அது. இன்றைக்கும் அப்படித்தான் விடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தாமோதரன் சார்தான் எங்கள் பிரிவுத் தலைவர். லேப் மெஷின் ரீடிங்கைக் கூட்டிக் காட்டுகிறது, சரிசெய்யும் வரைக்கும் குறைத்து அனுப்ப வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். சொன்னதைச் செய்தேன். நான்காவது வரிக்குக் கீழே நானே குறிப்பும் போட்டிருக்கிறேன்: 'தற்காலிகம். மூன்று மாதம்.'

மார்ச் 15, வெள்ளி

பழைய பகுதிகளில் பாதி செத்துக் கிடக்கின்றன. யாரும் கூப்பிடாதவை. இதுவும் அப்படித்தான் இருக்கும், எப்போதோ நிறுத்தியிருப்பார்கள் என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்று பதிவேட்டைத் திறந்து, கடைசியாக இதைக் கூப்பிட்டது எப்போது என்று பார்த்தேன்.

இன்று காலை 11.40.

நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது.

எழுந்து பாத்ரூம் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. பதினேழு வருடம். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பாப்பா பிறந்தாள், வீடு கட்டினோம், அப்பா போய்ச் சேர்ந்தார். அத்தனை நாளும் இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

ரவீந்திரன் சாரிடம் காட்டினேன். நான் எழுதியது என்பதையும் சொன்னேன். நான்கு வரியையும் படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மங்களேஸ்வரி, நாம எழுதறது என்ன? வெளிக்குறிப்பு. ஆள் நம்பரையும் லேப் எண்ணையும் கொடுத்தா இறுதி எண் வரும். அவ்வளவுதான். உள்ள என்ன நடக்குதுன்னு எழுதறது நம்ம ஒப்பந்தத்துலயே கிடையாது."

"ஆய்வு அலுவலகம் வாங்கப்போறது அந்த எண்ணைத்தான் சார்."

"அது ஆலைக்கும் அவங்களுக்கும் உள்ளது."

"அந்த எண் பொய் சார்."

அவர் கெட்டவர் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எனக்கு ஒரு மாதம் லீவு கொடுத்தவர். கடைசியில் சொன்னார்: "புதன்கிழமை நீங்க ஆலைக்குப் போறீங்கல்ல? அங்கேயே கேட்டுருங்க. ஏதாவது காரணம் இருக்கும்."

இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

மார்ச் 20, புதன்

ஆலைக்குப் போனேன். மருத்துவ அறைத் திரைகளைப் பார்ப்பது வேலை. நர்ஸ் ஸ்டெல்லா அங்கே பதினாலு வருடமாக இருக்கிறார். நான் வேலை பார்த்த காலத்தில் அவர் இல்லை. என்னை அவருக்குத் தெரியாது.

உள்ளே ஒரு ஆள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சோலைமலை என்று பெயர். முப்பத்து நாலு வயது இருக்கும். தகடு வார்க்கிற பிரிவில் ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. ரிஜிஸ்டரில் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

"கையைத் தூக்குங்க சோலைமலை" என்றார் ஸ்டெல்லா. அவர் முழங்கையை உயர்த்தினார். விரல்கள் தரையைப் பார்த்தபடியே இருந்தன.

"வலி இல்ல சிஸ்டர். தூக்கத்தான் வரமாட்டேங்குது. வயித்து வலிதான் தாங்க முடியல."

ஸ்டெல்லா ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவர் போனதும் திரையில் அவருடைய பக்கத்தை எனக்குத் திறந்து காட்டினார். ரத்தத்தில் ஈயம்: 38.4.

"பாருங்க மேடம். நாப்பதுக்குள்ளதான் இருக்கு. நாப்பதுக்குள்ள இருந்தா நான் எந்த அடிப்படையில டாக்டருக்கு எழுதுறது? ரெண்டு தடவை எழுதிட்டேன். எண் சரியாத்தானே இருக்கு, சத்தில்லாம இருப்பான், கீரை சாப்பிடச் சொல்லுன்னாங்க."

"இந்த மாதிரி இன்னும் பேர் இருக்காங்களா சிஸ்டர்?"

"ஒப்பந்தக்காரங்கள்லதான் நிறைய. சரியாச் சாப்பிடுறதில்ல, அதனாலதான் அவங்களுக்கு மட்டும் வருதுன்னு நானே நினைச்சுக்கிட்டேன்." என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் மேடம், தண்ணி வேணுமா? வேர்க்குது உங்களுக்கு" என்றார்.

தண்ணீர் குடித்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வருகிற வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

லேபிலிருந்து வரும் எண் வேறொரு இடத்தில் மாறாமல் சேமிக்கப்படுகிறது. ஆபீசுக்குத் திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். சோலைமலை: 64.

மார்ச் 21, வியாழன்

தாமோதரன் சார் இப்போது ஆலையின் கணினிப் பிரிவுக்கே தலைவர். மதியம் போய்ப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். "வாம்மா, உக்காரு, பிள்ளை என்ன படிக்கிது?" என்று கேட்டார்.

நான்கு வரியையும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். மேஜையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"லேப் மெஷின் அப்ப கூட்டிக் காட்டுச்சு."

"எந்த மாசம் சார் மெஷினைச் சரி பண்ணாங்க?"

கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகிற சத்தம் கேட்டது.

"அந்த வருஷம் ஆளே கிடைக்கலம்மா. விதிப்படி மாத்தினா வார்ப்புப் பிரிவுல பாதிப் பேர் வெளிய போகணும். லைன் நின்னுரும்னாங்க. மூணு மாசம், புது ஆள் வர்ற வரைக்கும்னு பேச்சு. நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் கேக்கல."

"நீங்க கேட்டிருக்கலாமே சார்."

அவர் கோபப்படவில்லை. காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். பெயரெழுத்துகள் எனக்கு நேராக இருந்தன.

"நீயும் கேக்கலையேம்மா" என்றார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 22, வெள்ளி

நான் கேட்டேன். போன வாரம் இதில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

துண்டுக் காகிதத்தை வாங்கியதும், "ஏன் சார் ஒப்பந்த ஆளுங்களுக்கு மட்டும்?" என்று கேட்டேன். "அவங்க ரத்தம் வேற மெஷினுக்குப் போகுது" என்றார். லேபிலிருந்து எண்ணை வாங்கும் பகுதியை அதற்கு முந்தின மாதம் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியதும் நான்தான். ஒரே லேப். ஒரே மெஷின். எல்லாருடைய எண்ணும் ஒரே வழியில்தான் வந்தது. அவர் சொன்னது பொய் என்று அந்த நாற்காலியில் இருக்கும்போதே எனக்குத் தெரியும். "சரி சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்குப் பேசினேன். நான் தனியாக எழுதிய முதல் புரோகிராம் ஓடிவிட்டது என்று சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னாளாம்.

இன்று லேப் எண்கள் முழுவதையும் எடுத்து, ஒப்பந்தத் தொழிலாளிகளை மட்டும் பிரித்தேன். பதினேழு வருடத்தில் 1,312 பேர். ஒருமுறையாவது நாற்பதைத் தாண்டியவர்கள் 407 பேர். அவர்களில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டவர்கள் மூன்று பேர். பெருக்கின பிறகும் நாற்பதுக்கு மேலேயே நின்றவர்கள்.

கணக்கு தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான் வந்தது.

மார்ச் 24, ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சொன்னேன். ஒருவார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கள் மில்லிலும் ஒப்பந்த ஆட்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு, "உன் பேரும் வெளிய வரும்ல?" என்றார்.

"வரும்."

"அதுக்காக யோசிக்கிறியா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து கிரைண்டரைப் போட்டுவிட்டு வெளியே போனார். ஒருமணி நேரம் கழித்து வந்து, "எழுதிரு. அப்புறம் ஆகுறதைப் பாத்துக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இன்னும் பார்க்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

எழுபத்து மூன்றாவது பகுதிக்குக் குறிப்பு எழுதினேன். முகவரி, கொடுப்பது, வருவது எல்லாவற்றையும் மற்றவற்றுக்கு எழுதியதுபோலவே எழுதினேன். 'செய்வது என்ன' என்ற இடத்தில்:

"லேபிலிருந்து வரும் ரத்த ஈய அளவை, ஆள் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் மட்டும், 0.6 ஆல் பெருக்கிக் குறைத்துத் தருகிறது. இதற்கு மருத்துவக் காரணம் எதுவும் பதிவில் இல்லை. மாற்றப்படாத அளவு தேவைப்படுவோர் எழுபத்து இரண்டாவது முகவரியைக் கூப்பிடவும். எழுதியவர்: மங்களேஸ்வரி, ஜூலை 2007."

மாலை ஐந்து மணிக்குப் பட்டியலில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு என் ஒப்புதல் போதும். பிறகு ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் செய்து சோலைமலையின் உண்மையான எண்ணைச் சொன்னேன். ஒப்பந்தக்காரர்கள் எல்லாருடைய எண்ணும் இப்படித்தான் குறைக்கப்பட்டது என்றும் சொன்னேன்.

"எத்தனை பேருக்குக் கீரை சாப்பிடச் சொல்லியிருக்கேன் தெரியுமா மேடம்" என்றார். அழுதாரா என்று தெரியவில்லை. வைத்துவிட்டார்.

மார்ச் 26, செவ்வாய்

காலை பத்து மணிக்கு அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். பத்தேகாலுக்கு என் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. ரவீந்திரன் சார் அறைக்குக் கூப்பிட்டார். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கையெழுத்து வாங்கும்போது மெதுவாக ஒன்று சொன்னார்: ஆய்வு அலுவலகத்தின் கணினி சோதனை ஓட்டத்தில் இருக்கிறதாம். தினமும் காலை ஆறு மணிக்கு முழுப் பட்டியலையும் தானே இறக்கிக்கொள்கிறதாம்.

"இன்னிக்கும் எடுத்திருக்கு" என்றார். சந்தோஷமா, பயமா, குரலில் தெரியவில்லை.

பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பது வினோதமாக இருக்கிறது. துணி காயப்போட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

ஆய்வு அலுவலகத்து மருத்துவர் அங்கயற்கண்ணி போன் செய்தார். நேரில் போய் நாலு மணி நேரம் வாக்குமூலம் கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். துண்டுக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. தாமோதரன் சார் நீண்ட விடுப்பில் போயிருக்கிறாராம். ஆலைத் தரப்பு வக்கீல், குறிப்பிட்ட அந்த ஊழியர் தன்னிச்சையாக எழுதியது என்று கடிதம் கொடுத்திருக்கிறார். குறிப்பிட்ட அந்த ஊழியர் நான்.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் இரண்டு முறை படித்தேன்.

ஏப்ரல் 10, புதன்

அந்தப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். வார்ப்புப் பிரிவில் இருந்து அறுபத்தொரு பேரை ஒரே நாளில் வேறு பிரிவுகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். லைன் நிற்கவில்லையாம். மூன்று நாள் மெதுவாக ஓடிவிட்டு, பிறகு வழக்கம்போல ஓடுகிறதாம்.

ஸ்டெல்லா சொன்னார். மூன்று நாள்.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஆலை வாசலில் ஷெட் போட்டு எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். பழைய எண்களை ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று டாக்டர் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

சோலைமலை உள்ளே போனார். அவர் மனைவி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வீரலட்சுமி.

"ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துறாங்க. கை பாதியாச்சும் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க" என்றார். பிறகு, "நீங்கதான் இதை வெளிய சொன்னவங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க" என்று என் கையைப் பிடித்தார்.

கையை இழுத்துக்கொள்ளவில்லை. "எழுதினதும் நான்தாங்க" என்றேன். "அறுபத்து நாலு வந்தா முப்பத்தெட்டுன்னு காட்டச் சொல்லி, பதினேழு வருஷத்துக்கு முந்தி, நான்தான் எழுதினேன்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கை என் கைமேலேயே இருந்தது.

"தெரிஞ்சா எழுதுனீங்க?"

இந்தக் கேள்விக்கு வாக்குமூலத்தில் நல்ல பதில் வைத்திருந்தேன். வயது இருபத்து மூன்று, சொன்னதைச் செய்தேன், மூன்று மாதம்தான் என்றார்கள்.

"தெரியும்" என்றேன்.

அவர் கையை எடுத்தார். எழுந்து எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தார். சோலைமலை முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். வீரலட்சுமி அவருடைய சட்டைக் கையை இறக்கிப் பட்டனைப் போட்டுவிட்டார். இருவரும் என்னைக் கடந்துதான் போக வேண்டும். போனார்கள்.

டாக்டர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஐம்பது வயசுக்காரர் ஒருவர் வந்து நின்றார். நான் பட்டியலில் தேடினேன்.

"ஒப்பந்தம். 2009ல முதல் சோதனை. திரையில முப்பத்தி நாலு புள்ளி எட்டு" என்றேன். பட்டியலில் அடுத்த கட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்: "உண்மையில ஐம்பத்தெட்டு."

டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷத்தைச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.